2004 ஈ-450 மோட்டர்ஹோம்: டிரான்ஸ்மிஷன் ஆயில் மாற்ற மூன்று கடை, மூன்று விலை

வழிப்போக்கன்_408 | ஏப்ரல் 6, காலை 7:42

வணக்கம் நண்பர்களே. போன அக்டோபரில் 29 அடி கிளாஸ் சி வண்டி (வேன் சேசிஸ் மேல் வீடு கட்டிய ரகம்) ஒன்று வாங்கினேன். 2004 ஃபோர்ட் ஈ-450, வி10 பெட்ரோல் இன்ஜின், 61,000 மைல் ஓடியது. விற்றவர்கள் எழுபதைத் தாண்டிய தம்பதி. இன்ஜின் ஆயில் மாற்றிய ரசீதெல்லாம் ஒரு டப்பா நிறையக் கொடுத்தார்கள். கியர்பாக்ஸ் ஆயிலுக்கு மட்டும் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. கேட்டதற்கு, "அதை மாற்றவே வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்" என்றார் அந்தப் பெரியவர்.

மே மாதம் யோசெமிட்டி போகிறோம். ஜூலையில் அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து வருகிறார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு யூட்டா மாநிலத்து ஸயான், பிரைஸ் கேன்யன். அப்படியென்றால் நடுக்கோடையில் கலிஃபோர்னியா பாலைவனத்தில் வேகாஸ் போகும் வழியிலுள்ள பேக்கர் மேட்டை ஏறியாக வேண்டும். அறுபத்தெட்டு வயது அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு அந்தப் பாலைவனத்தில் வண்டி நின்றால் என்ன செய்வது என்று நினைத்தாலே தூக்கம் போய்விடுகிறது.

விசாரித்தவரை கிடைத்த விலைகள் இவை. பக்கத்து ஆயில் மாற்றும் கடையில் 389 டாலர்: மெஷின் வைத்துப் பழையதைத் தள்ளிப் புதியதை ஏற்றுவார்களாம், கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் 'பான்' என்ற தட்டைக் கழற்ற மாட்டார்களாம். லாரிகளைப் பார்க்கும் ஒரு பட்டறையில் 640: பான் கழற்றி, ஃபில்டர் மாற்றி. மோட்டர்ஹோம் சர்வீஸ் நிலையம் ஒன்றில் 1,150, "முழு பேக்கேஜ்". அதில் என்னென்ன அடக்கம் என்று கேட்டால் தெளிவாகச் சொல்லவில்லை. கார் டீலர் எடுக்கவே மாட்டேன் என்றுவிட்டார். அவர் வாசல் பத்தடி உயரம், என் வண்டி பதினொன்று.

ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை, வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன். சிவப்பாக இல்லை, டிகாஷன் போல இருக்கிறது. கருகல் வாடை இல்லை. கியர் மாறுவது நன்றாகத்தான் இருக்கிறது. பழைய ஆயிலைத் தொட்டால் கியர்பாக்ஸ் போய்விடும் என்று அலுவலகத்தில் இருவர் பயமுறுத்துகிறார்கள். எந்தக் கடைக்குப் போகலாம்? மாற்றத்தான் வேண்டுமா?

மிச்சிகன்_பெரியவர் | ஏப்ரல் 6, காலை 9:15

தம்பி, கட்டாயம் மாற்றுங்கள். கடும் பயன்பாட்டில் இருக்கும் வண்டிக்கு 30,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதுதான் ஃபோர்டின் அட்டவணை. மோட்டர்ஹோம் வாழ்நாள் முழுக்கக் கடும் பயன்பாடுதான். ஆறு டன்னுக்கு மேல் போகக்கூடிய எடையை ஒரு நாள்கூட இறக்கிவைக்காமல் சுமக்கிற வண்டி அது. உங்களுடையது 61,000 மைல், இருபது வருடத்துக்கு மேல் வயது. இரண்டு தடவை மாற்றியிருக்க வேண்டியது.

விலைக்குப் போவதற்கு முன்னால் ஆயில் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 2004 ஈ-450-ல் இருப்பது 4ஆர்100 என்ற நான்கு கியர் பெட்டி. மொத்தக் கொள்ளளவு சுமார் 17 குவார்ட், 16 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பானைக் கழற்றினால் ஏழு குவார்ட்தான் வரும். மீதியில் பெரும்பகுதி, இன்ஜினின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள், கொஞ்சம் ஆயிலைக் குளிரவைக்கும் கூலரிலும் குழாய்களிலும். ஆகவே "பான் கழற்றி ஃபில்டர் மாற்றினோம்" என்று சொன்னால் பாதிக்கு மேல் பழைய ஆயில் உள்ளேயே இருக்கிறது என்று பொருள்.

இந்தப் பெட்டியில் ஒரு நல்ல விஷயம் உண்டு. இதன் கன்வெர்ட்டரிலேயே ஒரு வடிகால் பிளக் இருக்கிறது. பிற்காலப் பெட்டிகள் பலவற்றில் அதை எடுத்துவிட்டார்கள். கன்வெர்ட்டரை மூடியிருக்கும் உறையின் (பெல் ஹவுசிங்) அடியில் ஒரு சிறிய ரப்பர் மூடி இருக்கும். அதை நீக்கிவிட்டு, பிளக் கண்ணில் படும்வரை இன்ஜினைக் கையால் திருப்ப வேண்டும். சாவியை வெளியே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். அங்கிருந்து இன்னொரு ஐந்தாறு குவார்ட் இறங்கும். மெஷின் எதுவும் தேவையில்லை.

640 சொன்ன பட்டறையிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "கன்வெர்ட்டரையும் வடிப்பீர்களா?" பதிலில் தெரிந்துவிடும், அவர்கள் இந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களா என்று.

ஒஹாயோ_பட்டறை | ஏப்ரல் 6, பகல் 12:30

ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். என்னிடம் இருப்பதும் அதே வண்டி, 2003. நான்கு வருடத்துக்கு முன் வீட்டு வாசலில் நானே செய்தேன். செலவைச் சொல்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்:

மெர்கான் வி என்ற ஃபோர்டு ரக ஆயில், ஐந்து குவார்ட் கேன் மூன்று, கேனுக்கு 28 வீதம் 84 டாலர். ஃபில்டரும், பான் விளிம்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் சேர்ந்த கிட் 34. பெரிய தொட்டி, பிளாஸ்டிக் விரிப்பு, கையுறை எல்லாம் 25. மொத்தம் 143. முழுச் சனிக்கிழமை ஒன்றும் போனது.

இந்தப் பானில் கம்பெனி வடிகால் பிளக் கிடையாது. இதைத் தெரியாமல் கீழே படுத்தால் தலையோடு குளிக்க வேண்டியதுதான். நான் செய்தது இப்படி. பானைச் சுற்றியுள்ள போல்ட்களில் முன்பக்க ஓரத்து நான்கை அப்படியே விட்டுவிட்டேன். பின்பக்க மூலையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தேன். பக்கவாட்டில் ஸ்க்ரூடிரைவரை மெதுவாக நெம்பியதும் கேஸ்கெட் "ச்ச்" என்று விட்டது. பின்மூலை இரண்டு விரற்கடை இறங்கி, அங்கிருந்து பட்டையாக ஊற்ற ஆரம்பித்தது. தொட்டி ஒரு முழம் தள்ளி இருந்தால் வாசல் சிமென்ட் நாசமாகியிருக்கும். பத்து நிமிடம் வடியவிட்டேன். பிறகு ஒரு கையால் பானைத் தாங்கிக்கொண்டு மீதி போல்ட்களை எடுத்தேன். பானில் அப்போதும் ஒன்றரை குவார்ட் இருந்தது. அவசரப்பட்டுச் சாய்த்தால் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கிவிடும்.

பானுக்குள் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் மூடி கிடந்தது. ஏதோ உடைந்து விழுந்துவிட்டது என்று நெஞ்சு படபடத்தது. விசாரித்த பிறகுதான் விவரம் தெரிந்தது. தொழிற்சாலையில் கியர்பாக்ஸைக் கொண்டுவரும்போது டிப்ஸ்டிக் குழாய்க்கான துளையை அந்த மூடியால் அடைத்திருப்பார்கள். வண்டியில் பொருத்தும்போது குழாயை இறக்கினால் மூடி உள்ளே விழுந்துவிடும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. மூடி உள்ளே கிடந்தால் அந்தப் பானை யாரும் இதுவரை திறக்கவே இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

பானின் அடியில் ஒரு காந்தம் இருக்கும். அதன்மேல் சாம்பல் நிறத்தில் மை மாதிரி குழைவாகப் படிந்திருப்பது இயல்பான தேய்மானம். விரலில் வைத்துத் தேய்க்கும்போது நெருடினாலோ, ஊசி போல, சில்லு போலத் தென்பட்டாலோ அதுதான் கவலைப்பட வேண்டியது.

டல்லாஸ்_டீசல் | ஏப்ரல் 6, மாலை 6:05

இதே இழையில் டீசல் வண்டிக்காரர்களுக்கும் பயன்படட்டும் என்று என் கணக்கையும் எழுதிவிடுகிறேன். என்னுடையது 2007 கிளாஸ் ஏ (பஸ் போன்ற ரகம்), பின்னால் இன்ஜின், அல்லிசன் 3000 கியர்பாக்ஸ். அங்கீகரித்த லாரிப் பட்டறையில் போன வருடம் 780 டாலர் ஆனது. ஆயிலும் இரண்டு ஃபில்டர்களும் அதில் அடக்கம்.

இதில் மொத்தமாக நிரப்ப 27 லிட்டர் பிடிக்கும் என்றாலும், வடித்து மாற்றும்போது ஆழமான சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ள வண்டிக்கு 18 லிட்டர்தான் போகும். அல்லிசன் டிஇஎஸ் 295 தரத்துக்கான சிந்தெடிக் ஆயிலையே ஊற்ற வேண்டும், இல்லையென்றால் அதற்குப் பிறகு வந்த டிஇஎஸ் 668. பாதி பழசு, பாதி புதுசு என்று கலப்பதில் பயம் வேண்டாம், இரண்டும் ஒத்துப்போகும். சாதாரண ரகத்தை ஊற்றினால்தான் மாற்றும் இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடும்.

அல்லிசன்காரர்களுக்கு டிப்ஸ்டிக் வேலையே மிச்சம். சமதளத்தில் நிறுத்தி, ஆயில் சூடான பிறகு நியூட்ரலில் வைத்து, கியர் பட்டன் பலகையில் மேல் அம்பு, கீழ் அம்பு இரண்டையும் ஒன்றாக அழுத்துங்கள். ஆயில் அடங்கும்வரை இரண்டு நிமிடம் எண்ணிக்கை ஓடும். பிறகு அளவு சரியா, எத்தனை குவார்ட் குறைவு, எத்தனை அதிகம் என்று திரையே காட்டிவிடும். பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும்போது அங்கேயே நின்று இதைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவேன். போன தடவை ஒரு குவார்ட் குறைவு என்று காட்டியது. சொன்னதும் ஊற்றிக்கொடுத்தார்கள்.

நெடுஞ்சாலை_நிலா | ஏப்ரல் 7, காலை 6:50

எங்களுடையது ஸ்பிரிண்டர் சேசிஸ், வி6 டீசல், ஐந்து கியர். நானும் என் கணவரும் வண்டிக்கு அடியில் போகிறவர்கள் இல்லை. அதனால் கடையைத்தான் நம்ப வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இந்தப் பெட்டியில் டிப்ஸ்டிக் குழாய் இருக்கும், உள்ளே டிப்ஸ்டிக் இருக்காது. மூடிதான் இருக்கும். அளவு பார்க்கத் தனிக் கம்பி வேண்டும், ஆயிலின் வெப்பநிலையையும் கணினியில் பார்த்துக்கொண்டே அளக்க வேண்டும். இன்னொன்று, கியர்பாக்ஸின் பக்கவாட்டில் 13 ஊசி கொண்ட மின் இணைப்பு ஒன்று உண்டு. அதன் ஓ-ரிங் வயதானால் ஆயில் ஒயர் வழியாகவே மெல்ல ஏறிக் கன்ட்ரோல் யூனிட்டுக்குப் போய்விடும். அந்த இணைப்பு பதினைந்து இருபது டாலர் சாமான். யூனிட் கெட்டால் ஆயிரத்துக்கு மேல். ஆயில் மாற்றும்போதே அதையும் மாற்றச் சொல்லிவிடுங்கள்.

நாங்கள் ஒரு தனி மெக்கானிக்கிடம் 560 டாலர் கொடுத்தோம். அதற்கு முன் வேறொரு கடையில் 240-க்குச் செய்துதருவதாகச் சொன்னார்கள். எந்த ஆயில் ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். "எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஆயில்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். மெர்சிடிஸ் 236.14 என்று புத்தகத்தில் எழுதியிருக்கும்போது எதற்கு அந்த வம்பு?

புதுவண்டி_25 | ஏப்ரல் 7, காலை 8:20

அக்கா, எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஆயில் என்று கேனிலேயே போட்டுத்தானே விற்கிறார்கள்? உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா? என்னுடையது பழைய ப்ரோமாஸ்டர் வேன், ஆறு கியர்.

மிச்சிகன்_பெரியவர் | ஏப்ரல் 7, காலை 10:02

இருக்கிறது. ஊரில் என் மாமா நாமக்கல்லில் லாரி வைத்திருந்தார். அந்தக் கியர்பாக்ஸில் ஊற்றுவது கெட்டியான கியர் ஆயில். பல்லோடு பல் உரசாமல் காப்பதுதான் அதன் வேலை. ஆட்டோமேட்டிக்கில் அப்படியில்லை. இந்த ஆயில்தான் இன்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்துகிறது, இதுதான் அழுத்தம் கொடுத்து கிளட்ச்சைப் பிடிக்கவைக்கிறது, சூட்டை அள்ளிக்கொண்டுபோய்க் கூலரில் கொட்டுவதும் இதுதான். கிளட்ச் எவ்வளவு வழுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை ஆயிலில் சேர்த்திருக்கும் ரசாயனங்கள் தீர்மானிக்கின்றன. அந்தக் கலவை ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. உங்கள் வேனில் இருப்பது கிரைஸ்லர் வழி வந்த 62டிஇ பெட்டி. அதற்கு ஏடிஎஃப்+4 என்ற ரகம் மட்டும்தான் (ஏடிஎஃப் என்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்). வழிப்போக்கனுக்கு மெர்கான் வி. ஃபோர்டின் பழைய மெர்கானுக்குப் பதிலாக வந்தது அது. 2005-ல் ஈ-450-க்கு ஐந்து கியர் பெட்டி வந்தது. அந்த வண்டிக்காரர்கள் மெர்கான் வி ஊற்றக் கூடாது. அவர்களுக்கு மெர்கான் எஸ்பி, இப்போது அதற்குப் பதில் மெர்கான் எல்வி. ஒரே வண்டிப் பெயர், ஒரு வருட வித்தியாசம், ஆயில் வேறு. இதனால்தான் "ஈ-450-க்கு ஆயில் வேண்டும்" என்று கடையில் மொட்டையாகக் கேட்கக் கூடாது.

அரிசோனா_அருவி | ஏப்ரல் 7, இரவு 9:40

நான் மாற்றுக் கருத்து சொல்லப்போகிறேன், தவறாக நினைக்க வேண்டாம். என் பழைய வண்டிக்கு 90,000 மைலில் மெஷின் வைத்து ஆயில் மாற்றினார்கள். இரண்டே மாதத்தில் மூன்றாவது கியர் வழுக்க ஆரம்பித்து, கடைசியில் கியர்பாக்ஸையே மாற்றினேன். 5,800 டாலர். நன்றாக இருப்பதைத் தொடாதே என்று சொல்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

மிச்சிகன்_பெரியவர் | ஏப்ரல் 7, இரவு 10:30

உங்கள் இழப்பு பெரியது, வருத்தமாக இருக்கிறது. மூன்று விஷயம் கேட்க வேண்டும். மாற்றுவதற்கு முன்பே ஏதாவது வழுக்கல் இருந்ததா? எந்த ஆயில் என்று ரசீதில் எழுதியிருந்ததா? மாற்றிய பிறகு சூடான நிலையில் அளவு பார்த்தார்களா?

அரிசோனா_அருவி | ஏப்ரல் 8, காலை 7:10

ரசீதைத் தேடி எடுத்தேன். ஆயில் பெயர் இல்லை, "ஏடிஎஃப் 12" என்று மட்டும் இருக்கிறது. முன்பே மேட்டில் கியர் மாறி மாறி லேசாக அலைபாயும், உண்மைதான். அதற்காகத்தான் மாற்றவே போனேன். பிறகு சூடாக அளவு பார்த்ததாக நினைவில்லை.

மிச்சிகன்_பெரியவர் | ஏப்ரல் 8, காலை 9:00

பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. கியர்பாக்ஸ் தகராறு செய்ய ஆரம்பித்த பிறகுதான் ஆயில் ஞாபகம் வருகிறது. அப்போது கிளட்ச் தகடுகள் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். ஆயிலால் தேய்ந்ததைத் திருப்பித் தர முடியாது. பழி மட்டும் புது ஆயில் மேல் விழும். போதாக்குறைக்கு ஆயில் ரகமும் தெரியாமல், அளவும் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். அளவு கூடினாலும் கெடுதல்தான். சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையால் அழுத்தம் தர முடியாது.

மெஷின் மேல் எனக்கு விரோதம் இல்லை. பானைக் கழற்றாமல் மெஷின் மட்டும் வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஃபில்டர் பழசாகவே இருக்கும், காந்தத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கான சாட்சியே அந்தக் காந்தம்தான்.

வழிப்போக்கன், உங்கள் வண்டியில் வழுக்கல் இல்லை, கருகல் இல்லை. பழுப்பு நிறம் மட்டும்தான். மாற்றுவதற்குச் சரியான நேரம் இதுதான். கியர் தண்டின் முனையில் உள்ள ஓவர்டிரைவ் (கடைசியான நான்காவது கியர்) ஆஃப் விளக்கு கண்சிமிட்டினால் மட்டும் முதலில் கோளாறுக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். ஆயில் ரோஜா நிறப் பால் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அப்போது வண்டியை ஸ்டார்ட்டே செய்யக் கூடாது.

வழிப்போக்கன்_408 | ஏப்ரல் 8, மாலை 5:25

எல்லோருக்கும் மிக்க நன்றி. விளக்கு கண்சிமிட்டவில்லை, பால் நிறமும் இல்லை. ஒஹாயோ அண்ணா, உங்கள் 143 டாலர் கணக்கைப் பார்த்ததும் நானே செய்யலாமா என்று ஆசை வருகிறது. வீட்டு வாசல் சற்றுச் சரிவு. ஜாக் போட்டுத் தூக்கலாமா?

ஒஹாயோ_பட்டறை | ஏப்ரல் 8, மாலை 6:40

தம்பி, சரிவென்றால் வேண்டாம். உறுதியாகச் சொல்கிறேன். நான் செய்தது சமதளமான கான்கிரீட்டில். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்திருந்தேன், வண்டியைத் தூக்கவே இல்லை. இந்த வண்டியின் உயரத்துக்கு ஊர்ந்து போக இடம் இருக்கிறது. ஹைட்ராலிக் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. முகாமில் வண்டியைச் சமப்படுத்தும் ஜாக்குகளும் அப்படித்தான். ஆளைக் காப்பதற்காகச் செய்தவை அல்ல அவை. ஐநூறு டாலர் மிச்சம் பிடிப்பதற்காக நீங்கள் ஆறு டன்னுக்கு அடியில் சரிவில் படுப்பதை நான் விரும்பவில்லை. லாரிப் பட்டறைக்கே போங்கள்.

போகும்போது இவற்றைச் சொல்லிவிடுங்கள்: மெர்கான் வி, கேனைக் கண்ணால் பார்க்க வேண்டும். வடித்த ஆயிலை அளக்க வேண்டும், அதே அளவுதான் முதலில் உள்ளே போக வேண்டும். பழைய ஃபில்டரை இழுக்கும்போது அதன் சீல் சிலசமயம் மேலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அதைப் பார்க்காமல் புதிய சீலோடு ஃபில்டரை ஏற்றினால் சரியாக உட்காராது. பான் போல்ட்களை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு முறுக்க வேண்டும், சின்ன போல்ட்கள் அவை, வலுவாகத் திருகினால் அலுமினிய மரை போய்விடும். பானில் ஒரு வடிகால் பிளக்கும் பொருத்திவிடச் சொல்லுங்கள். பிளக் விலை பத்துப் பதினைந்து டாலர். அடுத்த தடவை ஒருவரும் குளிக்க வேண்டியதில்லை.

வெகாஸ்_வாசி | ஏப்ரல் 9, காலை 11:15

பேக்கர் மேடு பற்றி நான் சொல்கிறேன். 2002 ஈ-450-ல் வருடத்துக்கு ஐந்தாறு தடவை ஏறுகிறேன். பேக்கரை விட்டதும் ஐ-15-ல் சுமார் 17 மைலில் 3,000 அடிக்கு மேல் ஏற்றம். பார்ப்பதற்குச் சமவெளி போலத் தெரியும், அதுதான் ஏமாற்று. ஊருக்குள் 134 அடி உயரத் தெர்மாமீட்டர் ஒன்று நிற்கிறது. பக்கத்து டெத் வேலியில் 1913-ல் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் நினைவாக அந்த உயரம். அந்த வெப்பத்தில்தான் ஏறப்போகிறீர்கள்.

டேஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம். முப்பது டாலருக்கு, வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி புளூடூத் கருவி வாங்கி, மொபைலில் டிரான்ஸ்மிஷன் வெப்பநிலையை எண்ணாகப் பாருங்கள். 175 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 79 செல்சியஸில் ஆயில் சுகமாக இருக்கும். அதற்குமேல் ஒவ்வொரு இருபது டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் சொல்லும் கைக்கணக்கு. ஓவர்டிரைவ் போட்டபடி 60 மைல் வேகத்தில் ஏறியபோது எனக்குப் பெட்டி மூன்றுக்கும் நான்குக்கும் இடையே அலைந்துகொண்டே இருந்தது, எண் 215-ஐத் தொட்டது. அடுத்த தடவை அடிவாரத்திலேயே ஓவர்டிரைவை அணைத்து, வலது ஓரத்தில் 45-ல் ஏறினேன். 190-ஐத் தாண்டவில்லை. வி10 அலறும், அலறட்டும். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் பம்ப்பும் விசிறியும் சேர்ந்தே வேகமாகச் சுற்றும்.

முடிந்தால் விடியற்காலையில் ஏறுங்கள். உங்கள் அம்மாவுக்கும் அதுதான் நல்லது.

வழிப்போக்கன்_408 | ஏப்ரல் 19, இரவு 8:50

இன்று வேலை முடிந்தது. அப்படியே எழுதுகிறேன்.

லாரிப் பட்டறைக்குப் போன் செய்து, கன்வெர்ட்டரை வடிப்பீர்களா என்று கேட்டேன். எதிர்முனையில் ஒரு நொடி அமைதி. "4ஆர்100-தானே? பிளக் இருக்கிறது, வடித்துவிடலாம். கேட்காதவர்களுக்குச் செய்வதில்லை, அரை மணி நேரம் கூடுதலாகும்" என்றார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ரசீது இதோ: கூலி இரண்டரை மணி நேரம் 412, மெர்கான் வி 14 குவார்ட் 133, ஃபில்டரும் கேஸ்கெட்டும் 48, வடிகால் பிளக் 15, கழிவு ஆயில் மற்றும் சில்லறைப் பொருட்கள் 22, வரி 18. மொத்தம் 648 டாலர்.

பான் இறங்கும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மஞ்சள் மூடி கிடந்தது! இருபது வருடமாக யாரும் திறக்கவில்லை. நான் சிரித்ததைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். காந்தத்தின் மேல் சாம்பல் மை, ஒரு ரூபாய் நாணயம் கனத்துக்கு. விரலில் தேய்த்துப் பார்த்தேன், நெருடவில்லை. பழைய கேஸ்கெட் நன்றாகவே இருந்தது. ரப்பர் பூசிய அந்த ரகத்தைத் திரும்பவும் போடலாம் என்றார், ஆனாலும் வயதைப் பார்த்துப் புதியதே போடச் சொன்னேன். பானிலிருந்து ஏழேகால், கன்வெர்ட்டரிலிருந்து ஆறு. இரண்டையும் கோடு போட்ட வாளியில் அளந்தார்.

பிறகு முக்கால் மணி நேரம் இருவரும் ஓட்டிவிட்டு வந்தோம். சமதளத்தில் நிறுத்தி, எல்லாக் கியரிலும் ஒரு சுற்றுப் போட்டு, பார்க்கில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக் பார்த்தார். அரை குவார்ட் குறைந்தது, ஊற்றினார். மாதுளைச் சாறு போல இருக்கிறது இப்போது.

ஒஹாயோ_பட்டறை | ஏப்ரல் 19, இரவு 9:30

மஞ்சள் மூடியைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களா? என்னுடையது இன்னும் கருவிப் பெட்டியில் இருக்கிறது. நல்ல வேலை, நல்ல மெக்கானிக். அவரை விட்டுவிடாதீர்கள்.

புதுவண்டி_25, நீங்களே செய்வதாக இருந்தால் பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் ஊற்றி உதிரிபாகக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஆட்டோசோன், ஓ'ரைலி போன்ற கடைகள் கட்டணமில்லாமல் வாங்கிக்கொள்கின்றன. கூலன்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், கலந்தால் வாங்க மாட்டார்கள்.

வழிப்போக்கன்_408 | மே 27, காலை 7:05

யோசெமிட்டி போய் வந்தாயிற்று. 120-ஆம் சாலையில் பழைய ப்ரீஸ்ட் மேட்டைத் தவிர்த்து, சுற்றுவழியான புதிய மேட்டில் ஏறினோம். ஓவர்டிரைவ் ஆஃப். ஆயில் வெப்பம் அதிகபட்சம் 192. இறங்கும்போது இரண்டாவது கியரில் போட்டுவிட்டு, பிரேக்கை விட்டு விட்டு அழுத்தினேன். திரும்பி வந்து பானைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்தேன். கசிவு இல்லை.

வழிப்போக்கன்_408 | ஜூலை 14, காலை 9:20

செடார் சிட்டியிலிருந்து எழுதுகிறேன். நேற்று அதிகாலை நான்கு மணிக்குப் பார்ஸ்டோவை விட்டோம். பேக்கரைத் தாண்டும்போது ஐந்தேகால், தெர்மாமீட்டர் அப்போதே 94 காட்டியது. வெகாஸ் நண்பர் சொன்னபடி அடிவாரத்திலேயே ஓவர்டிரைவை அணைத்துவிட்டு வலது ஓரத்தில் 45. லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து மொபைலைக் கையில் பிடித்துக்கொண்டு எண்ணைப் படித்துக்கொண்டே வந்தார்: 178, 183, 187. உச்சியில் 189. "இறங்குதுடா" என்று அவர் சொன்னபோது இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். அம்மா பின்னால் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

இன்று காலை கிளம்பும் முன் டிப்ஸ்டிக் பார்த்தேன். அளவு சரி, நிறம் சிவப்பு. ஒரு சந்தேகம் மட்டும்: கன்வெர்ட்டர் வடித்த பிறகும் மூன்று நான்கு குவார்ட் பழையது உள்ளே இருக்குமே, அதற்காக அடுத்த வருடமே பானை மட்டும் ஒருமுறை வடிக்கலாமா?

மிச்சிகன்_பெரியவர் | ஜூலை 14, பகல் 12:10

வடியுங்கள். பிளக் போட்டுவிட்டீர்கள், இருபது நிமிட வேலை. ஃபில்டர் தேவையில்லை, மெர்கான் வி மட்டும் ஏழு குவார்ட், கேன் விலையில் 60 டாலருக்குள் முடியும். அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். பிரைஸ் கேன்யன் போகும் வழியில் 14-ஆம் சாலையும் நல்ல ஏற்றம்தான். எண்ணை அவரே படிக்கட்டும்.